பழியும் சாட்சியும்

சென்ற மாதம் நம் சங்க வாசகசாலையில் இளைஞர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தைப் பற்றிய பேச்சு அது. 'மான்டி கிறிஸ்டோ பிரபு' என்னும் பழைய நாவலை மீண்டும் ஒருமுறை படமாக்கியிருக்கிறார்கள். அந்த நாவலை நம் பள்ளி நாட்களில் சுருக்கிய ஆங்கிலப் பதிப்பில் வாசித்திருக்கிறோம்; பிற்காலத்தில் முழு நூலையும் வாசித்தோம். ஆகவே நாமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களோடு அமர்ந்தோம்.

பேச்சு சூடு பிடித்தபோது ஒரு பிள்ளை நம்மைப் பார்த்துக் கேட்டார்: "அவன் செய்ததில் என்ன தப்பு? மூன்று பேர் சேர்ந்து அவன் வாழ்க்கையை அழித்தார்கள். சட்டம் அவர்களைத் தண்டிக்கவில்லை. அவன் தண்டித்தான்." வயதானவர்களிடம் இத்தகைய வினாக்களுக்கு ஒரு விடை எப்போதும் தயாராக இருக்கும். நாமும் அதையே எடுத்து நீட்டினோம். பழி வாங்குவதைவிட மன்னிப்பது மேல் என்றோம். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "மன்னிக்கலாம், மாமு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது யார்? பாதிக்கப்பட்டவனா, பக்கத்தில் நின்று பார்த்தவர்களா?" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் என்ன என்பதைக் கடைசியில் சொல்லுகிறோம். அதற்கு முன் கதையைச் சொல்லியாக வேண்டும். வாசிக்காதவர்களும் நம்மிடையே உண்டன்றோ?

மார்செய் துறைமுகத்தில் 1815-ஆம் ஆண்டு ஒரு கப்பல் வந்து நிற்கிறது. அதில் எட்மண்ட் டான்டெஸ் என்னும் இளைஞன். வயது பத்தொன்பது. கப்பல் தலைவர் வழியில் இறந்துவிட்டதால் அவனுக்கே அந்தப் பதவி கிடைக்க இருக்கிறது. மெர்ஸிதே என்ற பெண்ணோடு அவனுக்குத் திருமணமும் நிச்சயமாகியிருக்கிறது. கப்பல் கணக்கனாகிய டாங்லாருக்கு அவன் பதவியின் மேல் பொறாமை. ஃபெர்னானுக்கோ அவன் மணக்கப்போகும் பெண்ணின் மேல் ஆசை. டாங்லார் தன் கையெழுத்து தெரியாதபடி இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதுகிறான். ஃபெர்னான் அதை அனுப்பி வைக்கிறான். கடிதம் வில்ஃபோர் என்னும் அரசாங்க வழக்கறிஞரின் கைக்குப் போகிறது. டான்டெஸ் குற்றமற்றவன் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த வழக்கில் தம் சொந்தத் தகப்பனாரின் பெயர் வெளிவந்தால் தம் உத்தியோகத்துக்கு ஆபத்து என்று கண்டு, அவனைக் கடலின் நடுவே உள்ள இஃப் கோட்டைச் சிறைக்கு அனுப்பிவிடுகிறார். பதினான்கு ஆண்டுகள். அவனுடைய தகப்பன் வெளியே பட்டினி கிடந்தே உயிர் விடுகிறார்.

சிறையில் ஃபாரியா என்னும் முதிய பாதிரியார் அவனுக்குக் கல்வி புகட்டுகிறார். தாம் சாகும்போது ஒரு புதையல் இருக்குமிடத்தையும் தெரிவிக்கிறார். அவன் தப்பி, அப்பொருளை எடுத்து, மான்டி கிறிஸ்டோ பிரபு என்ற பெயரில் பாரிஸ் நகருக்கு வந்து ஒவ்வொருவரையும் அவரவர் பாவத்தைக் கொண்டே அழிக்கிறான். கதை இவ்வளவே. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் இந்தக் கதையை 1844 முதல் 1846 வரை ஒரு பாரிஸ் தினத்தாள் தொடராக வெளியிட்டது.

இதை எழுதிய அலெக்ஸாந்தர் டூமாவின் பாட்டி ஓர் அடிமைப் பெண் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இன்று ஹெயிட்டி எனப்படும் தீவில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண் அவர். அவருடைய மகன் பிரெஞ்சுப் படையில் தளபதியாக உயர்ந்தார். எகிப்திலிருந்து திரும்பும் வழியில் 1799-இல் இத்தாலியின் தென்கரையில் சிறைப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்குப்பின் உடல் நலம் முற்றும் கெட்டு வெளிவந்தார். நெப்போலியன் அரசு அவரைக் கவனிக்கவில்லை. 1806-இல் அவர் இறந்தபோது அலெக்ஸாந்தருக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. குற்றமின்றிச் சிறைப்பட்டவனின் கதையை அந்த மகன் எழுதினான் என்றால், அதில் வெறும் கற்பனையைவிட அதிகமான ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. சிறையில் வரும் ஃபாரியா பாதிரியாரை டூமா இத்தாலியராகக் காட்டினாலும், அந்தப் பெயருக்குரிய மனிதர் கோவாக்காரர். 1756-இல் கோவாவின் காண்டோலிம் ஊரில் பிறந்து, லிஸ்பன், ரோம் வழியாகப் பாரிஸ் சேர்ந்து, மனிதரை உறக்க நிலைக்குக் கொண்டுபோகும் வித்தையால் பெயர் பெற்று, 1819-இல் அங்கேயே மறைந்தவர். பணஜி நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. மேனாட்டு நாவலில் கல்வியும் பொருளும் தந்த குருவின் பெயர் நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போனது என்பதை நினைக்கச் சற்று மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

தமிழ் ஜனங்களுக்கு இந்தக் கதை வேறு உடையில் அறிமுகமானதே. 1958-இல் ஜெமினி நிறுவனத்தார் எஸ். எஸ். வாசன் டைரக்ஷனில் வெளியிட்ட 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு இந்த நாவலே தூரத்து மூலம் என்பார்கள். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடிய நடனமும், அதைப் பார்த்து வீரப்பா போட்ட சபாஷும் மட்டுமே பலருக்கு நினைவிருக்கின்றன. படத்தின் மேல் நமக்குக் குறையில்லை. ஆனால் படத்தில் வில்லன் வில்லனாகவே இருக்கிறான். அவன் வீழும்போது கொட்டகையில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். டூமாவின் புத்தகத்தை மூடிவிட்டு அப்படிப் போக முடிவதில்லை.

ஏனெனில், பழி அளவோடு நிற்கவில்லை. வில்ஃபோரின் மனைவி சொத்துக்காக விஷம் வைக்கத் தொடங்குகிறாள். விஷங்களைப் பற்றி அவளிடம் விரிவாகப் பேசி அவள் ஆசைக்கு வழி காட்டியவன் பிரபுதான். அகப்பட்டுக்கொண்டதும் அவள் தானும் செத்து, தன் சிறு மகனையும் கூட அழைத்துப் போய்விடுகிறாள். அந்தக் குழந்தையின் உடலைப் பார்த்த கணத்தில் பிரபுவின் கால் தடுமாறுகிறது. காப்பாற்றப் பார்க்கிறான், முடியவில்லை. இதுவரை தன்னை இறைவனின் கருவி என்று எண்ணியிருந்தவன், அந்த அதிகாரத்தைத் தனக்கு யார் கொடுத்தார்கள் என்று முதன்முறையாக ஐயுறுகிறான். மீண்டும் இஃப் கோட்டைக்குப் போய்த் தன் பழைய இருட்டறையைப் பார்த்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வருகிறான். எனினும் கடைசிப் பகைவனாகிய டாங்லாரைக் கொல்லவில்லை. தன் தகப்பன் பட்ட பசியைச் சில நாள் அவனும் படும்படி செய்து, தலை நரைத்துப்போன நிலையில் விட்டுவிடுகிறான்.

இதை முன்னமே உணர்ந்தவர் ஃபாரியா ஒருவரே. சிறைக்குள் டான்டெஸின் கதையைக் கேட்டு, 'உன்னைக் காட்டிக்கொடுத்தவர்கள் இன்னின்னார்' என்று துப்பறிந்து சொன்னவர் அவரே. சொன்னவுடன் வருந்தியவரும் அவரே. அவ்விளைஞன் உள்ளத்தில் முன்பில்லாத ஒன்றை, அதாவது பழியுணர்ச்சியை, தாமே விதைத்துவிட்டதாக அவர் கலங்கினார்.

நம் மார்க்கம் பாதிக்கப்பட்டவனிடம் 'உனக்கு உரிமையில்லை' என்று சொல்லவில்லை. ஈடுகோரும் உரிமை அவனுக்கு உண்டு, அளவு மீறலாகாது, பொறுத்தால் அது அவனுக்கே மேலானது என்று மூன்று படிகளாக வைத்திருக்கிறது. முதற்படியை மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் அவன் கையில் திணிப்பது நம்முடைய வழக்கம், மார்க்கத்தின் வழக்கமன்று. உஹதுப் போரில் (கி.பி. 625) தம் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, மக்கா வெற்றிக்குப்பின் இஸ்லாத்தை ஏற்று வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள், தண்டிக்கவில்லை. ஆனால் தம் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்கள் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மன்னிப்பு என்றால் கட்டித் தழுவுவது என்று பஞ்சாயத்துகளில் கையைப் பிடித்துச் சேர்த்து வைப்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். காயம் பட்டவருக்குக் காயம் இருக்கிறது என்பதை அந்தப் பெருங்கருணையே மறைக்கவில்லை.

நிற்க. அந்தப் பிள்ளையின் வினா பழி வாங்கியவனைப் பற்றியதன்று. நின்று பார்த்தவனைப் பற்றியது. அவன் நாவலில் இருக்கிறான். அவன் பெயர் கதரூஸ்.

மொட்டைக் கடிதம் எழுதப்பட்ட மேசையில் மூன்றாவது ஆளாக இருந்தவன் இவன். டான்டெஸின் பக்கத்து வீட்டுத் தையற்காரன். குடித்திருந்தான், எனினும் நடப்பது என்ன என்று அவனுக்குப் புரிந்தது. 'இது வேண்டாம்' என்று வாய் குழறவும் செய்தான். மறுநாள் டான்டெஸைக் கைது செய்தபோது, நேரே போய் உண்மையைச் சொல்லிவிடத் துடித்தான். டாங்லார் அவனைப் பயமுறுத்தினான்: அவன் உண்மையில் குற்றவாளியாக இருந்துவிட்டால், அவனுக்காகப் பேசியவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான். கதரூஸ் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு இதில் பதவி கிடைக்கவில்லை, பெண் கிடைக்கவில்லை, ஒரு காசும் கிடைக்கவில்லை. பயம் ஒன்றே அவன் பெற்ற கூலி. ஆனால் மற்ற மூவரின் சதியும் நிலைத்து நின்றது அவனுடைய மௌனத்தின் மேல்தான்.

டூமா இந்தக் கதையை எடுத்த இடத்திலும் இந்த மனிதன் இருக்கிறான். பாரிஸ் போலீஸ் ஆவணங்களைக் காத்துவந்த ப்யூஷே என்பவர் எழுதிவைத்த ஒரு குறிப்பே நாவலுக்கு வித்து. 1807-இல் பிக்கோ என்னும் செருப்புத் தொழிலாளி பணக்காரப் பெண்ணொருத்தியை மணக்க இருந்தான். பொறாமை கொண்ட நண்பர்கள் அவனை ஆங்கில ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தார்கள். ஏழு ஆண்டு சிறை. பின்பு பொருள், மாறுவேடம், பழி. அந்தச் சதியை அறிந்தும் சொல்லாமல் இருந்தவன் அல்லூ என்பவன். பழி வாங்கிய பிக்கோவைக் கடைசியில் கொன்றவனும் அவனே; பின்பு மரணப் படுக்கையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான் என்கிறது அக்குறிப்பு. அது முழுதும் உண்மையா என்று ஆராய்ச்சியாளர்கள் ஐயப்படுகிறார்கள். இருக்கட்டும். கதை கட்டியவர்களுக்கும் இப்படி ஒருவன் இல்லாமல் கதை நிற்கவில்லை.

யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குச் சிறு வயது முதலே தெரியும். சகோதரர்கள் கிணற்றில் தள்ளியதும், சட்டையில் பொய் இரத்தம் பூசியதும், எகிப்தின் சிறையும், பஞ்ச காலத்தில் அதே சகோதரர்கள் கையேந்தி வந்து நின்றதும், அவர்களை அவர் மன்னித்ததும் மிம்பர்களில் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்திருக்கின்றன. ஆனால் நடுவில் ஒரு மனிதன் வருகிறான். அவனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சிறையில் கூட இருந்தவன். கனவுக்கு விளக்கம் பெற்று விடுதலையானவன். 'உன் அரசனிடம் என்னைப் பற்றிச் சொல்' என்று யூசுப் (அலை) கேட்டுக்கொண்டார்கள். அவன் வெளியே போனான், அரண்மனை வேலையில் அமர்ந்தான், மறந்துபோனான். ஒரு குற்றமற்றவர் மேலும் சில ஆண்டுகள் சிறையில் கிடந்தது பகைவரால் அன்று, அந்த மறதியால். ஷைத்தான் மறக்கச் செய்தான் என்று வேதம் சொல்லுகிறது. நம் மறதிகளுக்கு எவ்வளவு வசதியான காரணங்களை நாம் வைத்திருக்கிறோம்!

டூமாவின் நாவலில் வாய் திறந்து பேசுகிறவர் ஒரு பெண். பெயர் ஹைதே. ஜானினாவை ஆண்ட அலி பாஷாவின் மகளாக அவளைப் படைத்திருக்கிறார் ஆசிரியர். அலி பாஷா வரலாற்றில் இருந்தவர், 1822-இல் கொல்லப்பட்டவர். நாவலில் அவருடைய நம்பிக்கைக்குரிய அதிகாரியாக இருந்த ஃபெர்னானே அவரைக் காட்டிக்கொடுத்து, மனைவியையும் மகளையும் அடிமைச் சந்தையில் விற்கிறான். பல ஆண்டுகள் கழித்து அவன் பிரான்சில் பெருமகனாக வீற்றிருக்கும் சபைக்குள் அந்தப் பெண் நுழைகிறாள். தன்னை விற்ற சீட்டை எடுத்து மேசையில் வைக்கிறாள். அவள் வாளெடுக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். இதைப் பழி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நம் ஊருக்கு வருவோம். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கான தமிழர் கூடும் பத்துமலையை அறியாதவர் யார்? அந்தக் குன்றுப் பகுதியில் 1942-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் விடியற்காலையில் நடந்தது பலருக்குத் தெரியாது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் முன்னணித் தலைவர்கள் அங்கே இரகசியமாகக் கூடியிருந்தார்கள். ஜப்பானியப் படை சூழ்ந்துகொண்டது. பலர் அங்கேயே மாண்டனர். கூட்டத்துக்கு அழைத்திருந்த கட்சித் தலைவர் லாய் டெக் மட்டும் வரவில்லை. ஏனென்றால் செய்தியைக் கெம்பெய்த்தாய் போலீசுக்குக் கொடுத்தவரே அவர்தான். அவ்வாண்டு தொடக்கத்தில் சிங்கப்பூரில் பிடிபட்டு, தம் உயிரை அப்படி விலைபேசி வாங்கியிருந்தார். அதற்கு முன் பிரிட்டிஷாருக்கும் ஒற்றராக இருந்தவர். இதெல்லாம் வெளிப்பட்டது 1947-இல். அதற்கு முன்பே சிலருக்கு ஐயம் உண்டாயிருந்தது. ஆனால் அவர் தலைவர். தலைவரைக் கேட்பது எப்படி?

அக்கட்சியின் கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. பேச்சு அதைப் பற்றியதன்று. கட்சிப் பணத்தோடு ஓடிப்போன லாய் டெக்கைத் தேடிச் சின் பெங் பேங்காக் சென்றார். தாய்லாந்துத் தோழர்கள் அவரைப் பிடிக்க முயன்றபோது கழுத்து நெரிபட்டு அவர் இறந்துபோனார் என்றும், உடலை ஆற்றில் விட்டார்கள் என்றும் சின் பெங் 2003-இல் வெளிவந்த தம் நூலில் கூறுகிறார். துரோகமும் பழியும் பூர்த்தியாயின. ஆனால் எதற்காகத் தேடினார்களோ அது கிடைக்கவில்லை. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார், எப்போது, யாருக்கு என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய வாய், கேள்வி கேட்கப்படுமுன் மூடிவிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பிணமா, ஒரு வாக்குமூலமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் படை மோரிப் கரையில் இறங்கியது. அந்த இடைவெளியில், நம் முன்னோர் மூன்று நட்சத்திரக்காரர்கள் என்று பேர் வைத்திருந்த காட்டுப் படையினர் ஒற்றர்களைத் தேடித் தேடித் தண்டித்தார்கள். ஜப்பான் காலத்தில் வாய் திறக்கப் பயந்திருந்த ஊர்கள், அந்த நாட்களில் எதிர்ப் பக்கத்துக்குப் பயந்து வாய் மூடியிருந்தன. குற்றவாளியோடு குற்றமற்றவனும் போனான் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மை தெரிந்தவர் பேசாத ஊரில் பழி குருடாகத்தான் நடக்கும்.

இனி, உறக்கம் வராத காரணத்தைச் சொல்லுகிறோம்.

1986-ஆம் ஆண்டு. கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக்கடை. நடத்தியவர்கள் இருவர், ஒரே ஊர்க்காரர்கள், ஒருவர் மற்றவரை மச்சான் என்றே அழைப்பார். ஒருவருக்கு நீல அடையாள அட்டை, மற்றவருக்குச் சிவப்பு. ஆகவே லைசென்சு நீல அட்டைக்காரர் பெயரில் இருந்தது. சிவப்பு அட்டைக்காரர் தம் பங்குக்கு 18,000 வெள்ளி கொடுத்தார். அஸர் தொழுதுவிட்டுக் கடையின் பின்கட்டில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, கட்டுக் கட்டாக எண்ணிக் கொடுத்தார். நாமும் இன்னொரு பெரியவரும் அங்கே இருந்தோம். எழுத்து இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் சூரா பகராவில் இருப்பது எங்கள் நால்வருக்குமே தெரியும். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. 'நமக்குள் என்ன எழுத்து' என்று சிரித்துக்கொண்டோம்.

நான்கு ஆண்டுகள் கடை நன்றாக ஓடியது. பிறகு சிவப்பு அட்டைக்காரரின் தாயாருக்கு உடல் நலமில்லை என்று தந்தி வந்தது. ஊருக்குப் போனார், தாயாரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்ப எட்டு மாதமாயிற்று. வந்தபோது கடையில் அவருக்கு இடமில்லை. 'நீ சம்பளத்துக்கு இருந்தாய், சம்பளம் வாங்கிக்கொண்டாய், நீ தந்தது கைமாற்று, அதைத் தவணையில் கழித்துவிட்டேன்' என்று மற்றவர் சொல்லிவிட்டார்.

ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடினார்கள். நம்மை அழைத்துக் கேட்டார்கள். நாம் அப்போது ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். அரிசியும் மசாலாவும் அந்த மளிகைக்கடையிலிருந்துதான் கடனுக்கு வந்துகொண்டிருந்தன; மூன்று மாதப் பாக்கி நின்றது. நாம் சொன்ன சாட்சி இது: "பணம் கைமாறியதைப் பார்த்தோம். அது கடனா முதலா என்பது நமக்குத் தெரியாது."

பொய்யில்லை என்று நெடுங்காலம் நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். பின்கட்டில் அன்று பேசிய பேச்சு முழுவதும் நம் காதில் விழுந்திருந்தது. பாதிக்குப் பாதி என்ற சொல் விழுந்திருந்தது. இன்னொரு பெரியவர் நம் முகத்தைப் பார்த்தார். அவரும் நாம் சொன்னதையே சொன்னார். பஞ்சாயத்து கலைந்தது. கலையும்போது ஒருவர் அந்த மனிதரின் தோளில் தட்டி, 'பொறுத்துப் போங்க பாய், அல்லாஹ் வேறு வழி காட்டுவான்' என்றார். அப்படிச் சொன்னவர்களில் நாமும் ஒருவர்.

அவர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். பிறர் கடையில் தேநீர் ஆற்றினார். பின்பு ஒட்டுக்கடை போட்டார். மூன்று பெண்மக்களையும் கரையேற்றினார். புதையல் கிடைக்கவில்லை. எவரையும் அழிக்கவும் இல்லை. கிள்ளான் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

சென்ற ரமலானுக்கு முன் அந்தக் கடைக்காரர் மௌத்தானார். ஜனாஸாவுக்குச் சிவப்பு அட்டைக்காரர் வந்திருந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, வழக்கம்போல, தம் அத்தா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லும்படி கேட்டார். பழைய ஆட்கள் அத்தனை பேரும் ஒரு பக்கமாகத் திரும்பினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தக்பீர் கட்டினார். மண் தள்ளிவிட்டுத் திரும்பும் வழியில் நம் பக்கத்தில் வந்து நடந்தார். சற்று நேரம் கழித்து, "மாமு, அன்னிக்கு அது கடனா, முதலா?" என்று கேட்டார்.

"முதல்" என்றோம்.

அவர் தலையை ஆட்டினார். "பிள்ளைகளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, அவங்ககிட்ட நான் கேக்க மாட்டேன்" என்றார். பிறகு, கோலாலம்பூர் இரயிலுக்கு எத்தனை மணி என்று விசாரித்தார்.

அவர் கேட்க மாட்டார். கேட்காமல் விடுவது அவருடைய உரிமை. ஆனால் மய்யித்தின் கடன், வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் தீர்க்கப்பட வேண்டியது. அது பிள்ளைகளுக்குத் தெரிந்தாலன்றோ அவர்கள் தீர்ப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று முடிவு செய்ய முடியும்? மறுத்தாலும் தெரிந்து மறுக்கட்டும். பின்கட்டில் இருந்த நால்வரில் இருவர் மௌத்தாகிவிட்டனர். மற்றொருவர் வாதி. சாட்சி என்று மிஞ்சியிருப்பது நாம் ஒருவர்தான். தனிச் சாட்சிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். எடை முழுதாக இருந்த நாளில் நாம் அதைப் பாதியாக்கிக் கொடுத்தோம்.

இவ்விதழ் அச்சுக்குப் போகுமுன், மூத்த பிள்ளையைக் கடையில் போய்ப் பார்த்தோம். கடை இப்போது விரிவாகிவிட்டது. பின்கட்டில் குளிர் அறை போட்டிருக்கிறார்கள். ஆண்டு, தொகை, அன்று பேசிய பேச்சு, பஞ்சாயத்தில் நாம் மறைத்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னோம். பெயர் போடாமல் இதை எழுதப்போவதையும் சொன்னோம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தேநீர் வரவழைத்தார். "ஏன் மாமு, அத்தா இருக்கும்போது இதைச் சொல்லல?" என்று ஒருமுறை மட்டும் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தோம்; அவர் வாசல் வரை வந்து ஸலாம் சொன்னார்.